ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியன்: ஒன்றே முக்கால் மணி நேர விமானத்துக்கு இரண்டு மாத ஏற்பாடு

தம்பி நார்வேயின் வடக்கே ட்ரோம்சோவில் முதுகலை படிக்கிறான். அவனைப் பார்க்கக் கிளம்பும்போது அவன்தான் இந்த ஆசையை மூட்டிவிட்டான். "அக்கா, இங்கிருந்து இன்னும் மேலே லாங்யியர்பியன்னு ஒரு ஊர் இருக்கு. ஃப்ளைட்ல ஒன்றே முக்கால் மணி நேரம்தான். சென்னையிலிருந்து மும்பை போற மாதிரி. அதுவும் நார்வேதான், தனியா எதுவும் வேண்டாம்."

விமான நேரம் பற்றி அவன் சொன்னது சரி. தனியாக எதுவும் வேண்டாம் என்றதை நம்பியதில் எனக்கு ஒரு விசாக் கட்டணமும் மூன்று வார நிம்மதியும் போயின. இந்திய பாஸ்போர்ட்டோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரில் என்ன பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்து திரும்பி வருவது மட்டும்தான் இங்கே விஷயம்.

1. தூரக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

ட்ரோம்சோ விமான நிலையத்தின் குறியீடு டி.ஓ.எஸ். லாங்யியர்பியனுக்கு எல்.ஒய்.ஆர். முன்னது ஏறக்குறைய 69.7 பாகை வடக்கு, பின்னது 78.2 பாகை வடக்கு. இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 960 கிலோமீட்டர். சென்னை–மும்பை 1,030 சொச்சம் என்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

ஆனால் சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடத்தில் பார்த்தால் பயந்துபோவீர்கள். அந்த வகைப் படங்களில் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாமே இழுபட்டுப் பெரிதாகிவிடும். ட்ரோம்சோ–லாங்யியர்பியன் இடைவெளி அதில் சென்னை–டெல்லியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தெரியும். உண்மையில் சென்னை–டெல்லியில் பாதியைவிடச் சற்றே அதிகம். நானும் முதலில் அந்தப் படத்தில் விரலை வைத்து அளந்து, நாலு மணி நேரமாவது ஆகும் என்று முடிவுகட்டியவள்தான்.

இணையத்தில் தூரம் காட்டும் பக்கங்களில் அலகைக் கவனியுங்கள். ஒன்று 960 என்கும், இன்னொன்று 596 என்கும், மற்றொன்று 518 என்கும். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாக உள்ளது கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான்.

அந்தப் பக்கங்கள் காட்டும் நேரமும் வெறும் கணக்கு. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் 960 கி.மீ. பறக்க 68 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் ஒரு மணி 38 நிமிடம். விமான நிறுவனங்களின் அட்டவணையும் ஒரு மணி 40 நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும். அரை மணியைச் சேர்க்காமல் வெறும் பறக்கும் நேரத்தைக் காட்டும் பக்கங்களும் உண்டு, ஏமாறாதீர்கள். பாதை கிட்டத்தட்ட நேர் வடக்கு என்பதால் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே. நம் ஊரோடுதான் குழப்பம்: குளிர்காலத்தில் நாம் நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த வாரம் பயணம் என்றால் வீட்டுக்கு ஃபோன் பேசும் நேரத்தை இரண்டு முறை யோசியுங்கள்.

2. நேரடி விமானம் உள்ள நாளை முதலில் கண்டுபிடியுங்கள்

தேதியை முடிவு செய்துவிட்டு விமானத்தைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு ஊருக்கும் இடையே நேரடி விமானங்கள் குறைவு, பருவத்துக்குப் பருவம் நாட்கள் மாறும். நீங்கள் கேட்ட நாளில் நேரடி இல்லையென்றால் டிக்கெட் தளம் சும்மா இருக்காது. ட்ரோம்சோவிலிருந்து ஆஸ்லோ, ஆஸ்லோவிலிருந்து லாங்யியர்பியன் என்று கோத்துக் கொடுத்துவிடும்.

அது என்ன கணக்கு தெரியுமா? முதலில் தெற்கே 1,100 கி.மீ.க்கு மேல் இறங்கி, அப்புறம் வடக்கே 2,000 கி.மீ. ஏற வேண்டும். 960 கி.மீ.க்குப் பதில் 3,100. விமானத்தில் மட்டும் ஐந்து மணி நேரம், ஆஸ்லோவில் காத்திருப்பது தனி. தேடும்போது 'நேரடி மட்டும்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நாள்காட்டியில் விலை தெரியும் நாட்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடத்தில் எஸ்.ஏ.எஸ்., நார்வீஜியன் என்ற இரண்டு விமான நிறுவனங்களையும் பாருங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் மற்ற தேதிகளை அமைக்க வேண்டும்.

ஆஸ்லோவிலிருந்து வரும் சில விமானங்கள் ட்ரோம்சோவில் நின்று அதே எண்ணில் மேலே போகும். அதில் வருபவர்களும் ட்ரோம்சோவில் இறங்கி, பாஸ்போர்ட் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். கைப்பையை இருக்கையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

3. விசாவில் இரண்டு நுழைவு கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

லாங்யியர்பியன் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் நார்வேயின் ஆட்சியில் உள்ளது. ஆனால் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், சேராது. ஸ்வால்பார்டுக்கென்று விசாவே கிடையாது. ஆனால் அங்கே போக நீங்கள் நார்வே பெருநிலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். ட்ரோம்சோவில் விமானம் ஏறும் கணத்தில் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. திரும்பி ட்ரோம்சோவில் இறங்கும்போது அது புதிய நுழைவு.

ஆக, ஆஸ்லோவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ முதலில் கால் வைத்தது ஒன்று, ஸ்வால்பார்டிலிருந்து திரும்புவது இரண்டு. ஒற்றை நுழைவு விசா வைத்திருந்தால் போகலாம், திரும்பி வர வழியில்லை.

எனக்கு விசா வேலை பார்த்துக் கொடுத்த முகவர், "ரெண்டும் நார்வேதானே மேடம், சிங்கிள் போதும்" என்றார். நானும் தலையாட்டினேன். பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவனோடு படிக்கும் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, நுழைவு எண்ணிக்கைக்கான கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அதில் 01 என்று இருந்தது. இரண்டு நுழைவு என்றால் 02 இருக்கும், பலமுறை என்றால் மல்ட் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். உங்கள் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், உறையைப் பிரித்த இடத்திலேயே நின்று அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

நான் மறுபடி விண்ணப்பித்தேன். கட்டணம் முழுதாக மறுபடி. ஒரே ஆறுதல், கைரேகை முந்தைய விண்ணப்பத்தில் கொடுத்தது 59 மாதங்களுக்குச் செல்லும் என்பதால் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு வருவோம். நார்வேக்கான விண்ணப்பத்தை முதலில் அவர்களுடைய இணையதளத்தில் நிரப்பி, கட்டணத்தைக் கார்டில் கட்டி, அச்செடுத்த பக்கத்தில் கையெழுத்திட்டு, பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். படிவத்தில் எத்தனை நுழைவு என்ற கேள்விக்கு இரண்டு அல்லது பலமுறை என்று குறியுங்கள். அது மட்டும் போதாது. ஏன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்:

• பயணத் திட்டத்தில் ஸ்வால்பார்டு என்ற பெயரும் போகும் தேதியும் திரும்பும் தேதியும் தனி வரியாக இருக்கட்டும்.
• ட்ரோம்சோ–லாங்யியர்பியன்–ட்ரோம்சோ முன்பதிவு, அங்கே தங்கும் இடத்தின் முன்பதிவு இரண்டையும் சேருங்கள். ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள்.
• முகப்புக் கடிதத்தில் ஒரு வரி: "ஸ்வால்பார்டு சென்று திரும்புவதால் இரு நுழைவு விசா தேவை."

மற்றவை வழக்கமான காகிதங்கள்தான்: மூன்று மாத வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், காப்பீடு, புகைப்படம். உறவினரிடம் தங்கினால் அவர் எழுதிய அழைப்புக் கடிதமும் அவருடைய வதிவிட அட்டையின் நகலும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் எடுத்ததாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லக்கூடியதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். வருகையாளர் கையில் ஒரு நாளைக்கு 500 குரோனராவது இருக்க வேண்டும் என்பது நார்வேயின் கணக்கு. குரோனரை எட்டு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாளுக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய். அது குறைந்தபட்சம்தான், கணக்கில் அதைவிடத் தாராளமாகவே காட்டுங்கள்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. நம் பணத்தில் ஒன்பதாயிரத்தைத் தொடும். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறுஞ்செய்தி, கூரியர், சொகுசு அறை என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டே போவார்கள். வேண்டாததற்கு வேண்டாம் என்று சொல்லலாம், விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலம்: முடிவு வர 15 நாள் என்பது விதி. கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் முன்பு கொடுப்பது நல்லது. ஏதாவது தப்பு நடந்தாலும் என்னைப் போல இன்னொரு முறை ஓட நேரம் இருக்கும்.

4. நார்வே வதிவிட அட்டை இருந்தாலும் பாஸ்போர்ட் வேண்டும்

அட்டை உள்ளவர்களுக்கு விசாத் தொல்லை இல்லை. ஆனால் உள்நாட்டு விமானம்தானே என்று அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் வந்தான். பெட்டி போடும் இடத்தில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அவன் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்ட, அந்தப் பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அறை விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் பன்னிரண்டு நிமிடம். நாங்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்ததால் பிழைத்தோம். அவன் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது வெளியே மைனஸ் 6.

அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். போய்விட்டால் ட்ரோம்சோவில் மறுபடி நுழையும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

5. காப்பீட்டில் ஸ்வால்பார்டு என்ற சொல் இருக்கிறதா?

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலிவாகக் கிடைக்கும் பாலிசிகளில் 'ஷெங்கன் நாடுகள் மட்டும்' என்று இருக்கும். விசாவுக்கு அது போதும், ஆனால் ஸ்வால்பார்டு ஷெங்கனில் இல்லையே! உலகம் முழுவதும் செல்லும் பாலிசியை எடுங்கள், அல்லது ஸ்வால்பார்டும் அடங்கும் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஃபோனில் சொன்னது செல்லாது.

லாங்யியர்பியனில் மருத்துவமனை உண்டு, ஆனால் சின்னது. பெரிய பிரச்சினை என்றால் ட்ரோம்சோவுக்குத்தான் விமானத்தில் கொண்டுவருவார்கள். அதே 960 கி.மீ. அதற்கான செலவு உங்கள் பாலிசியில் இருக்க வேண்டும்.

6. டிக்கெட், தங்கும் இடம், செலவு

நாங்கள் மார்ச்சில் போனோம். ஆளுக்குப் போக வர 2,900 குரோனர், இரண்டு பேருக்கான சாதாரண அறை ஓர் இரவுக்கு 1,800 குரோனர். பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை ஊர் நிரம்பி வழியும், அறை கிடைப்பதே பாடு. அறையைப் பிடித்த பிறகு டிக்கெட் எடுங்கள். நவம்பர், டிசம்பரில் விலை குறையும், ஆனால் அப்போது நாள் முழுக்க இருட்டுதான். சூரியன் அக்டோபர் கடைசியில் மறைந்தால் பிப்ரவரி நடுவில்தான் திரும்ப வரும்.

மலிவான டிக்கெட்டில் பெட்டி சேராது. குளிருடைகள் கைப்பையில் அடங்காது, ஆகவே பெட்டியோடு சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். ஸ்வால்பார்டு போகிறவர்களிடம் வாங்கும் சுற்றுச்சூழல் கட்டணம் டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும்.

7. கிளம்பும் நாள்

ட்ரோம்சோ விமான நிலையம் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதனாலேயே எல்லோரும் தாமதமாக வருகிறார்கள். இந்த விமானத்துக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு மேல் பாஸ்போர்ட் வரிசையும் உண்டு. இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். வட ஒளி பார்க்கக் கூட்டம் வரும் மாதங்களில் வரிசை நீளும்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. விசாவில் வருபவர்களுக்கு அது உண்டு, வதிவிட அட்டைக்காரர்களுக்கு இல்லை. தம்பி போய் காப்பி வாங்கிவிட்டான், நான் இன்னும் வரிசையில்தான்.

குளிர்காலத்தில் கதவு மூடிய பிறகும் இறக்கைகளில் பனி நீக்கும் மருந்து தெளிக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட பாதி வழியில் அந்தப் பக்கம்தான் கரடித் தீவு வரும். பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும் என்கிறார்கள். எங்களுக்கும் மேகம்தான்.

வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம். அதில் பறப்பது ஒன்றே முக்கால்.

8. இறங்கியதும்

விமானத்திலிருந்து படி இறங்கி நடந்தே கட்டடத்துக்குப் போக வேண்டும். மேல்கோட்டு, கையுறை, தொப்பி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வைத்தால் நடுங்குவீர்கள். மார்ச்சில் மைனஸ் 15 சாதாரணம்.

பெட்டி வந்ததும் வெளியே பேருந்து நிற்கும். விமான நேரத்துக்கு ஏற்ப வந்து, விடுதி விடுதியாக இறக்கிவிடும். கார்டில் கட்டலாம், ரொக்கம் தேவையில்லை. ஊர் பக்கம்தானே என்று நடக்கத் தொடங்காதீர்கள். வழியில் கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, ஸ்வால்பார்டு முழுவதுக்கும் பொருந்தும் என்ற வாசகத்தோடு. ஊர் எல்லைக்கு வெளியே வழிகாட்டி இல்லாமல் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல விடுதிகளில் செருப்பு, பூட்ஸை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓட்டை இல்லாத சாக்ஸ் கொண்டுபோங்கள்.

9. திரும்பும் பயணத்துக்கு நடுவே ஒரு நாள் விடுங்கள்

லாங்யியர்பியனில் காற்று, பனி, மூடுபனி எதற்கும் விமானம் தள்ளிப்போகும். எங்களுடையது மதியம் இரண்டு மணிக்கு என்று இருந்தது, நாலாகி, ஆறாகி, கடைசியில் மறுநாள் காலைக்குப் போனது. ட்ரோம்சோவிலிருந்து ஆஸ்லோ, ஆஸ்லோவிலிருந்து சென்னை என்று அடுத்தடுத்துத் தனித்தனி டிக்கெட் எடுத்திருப்பவர்களுக்கு, முதல் சீட்டு சரிந்தால் எல்லாம் சரியும். ஒன்று, எல்லாவற்றையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். இல்லையென்றால் ட்ரோம்சோவில் ஒரு முழு நாள் சும்மா இருக்கும்படி வையுங்கள். விசா கேட்கும்போதே அந்த நாளையும் சேர்த்துக் கேளுங்கள், ஸ்டிக்கரில் கடைசித் தேதி இறுக்கமாக இருந்தால் இந்த மாதிரி தாமதம் உயிரை வாங்கிவிடும்.

ட்ரோம்சோவில் இறங்கியதும் மறுபடி பாஸ்போர்ட் வரிசை, பிறகு சுங்கம். ஊருக்குத் திரும்பும் டிக்கெட், காப்பீடு, தம்பியின் அழைப்புக் கடிதம் மூன்றையும் அச்செடுத்து ஒரே உறையில் வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எதையும் கேட்கவில்லை. விசாப் பக்கத்தைத் திருப்பி, அந்த 02 கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "கரடி பார்த்தீர்களா?" என்றார். பலகையில் மட்டும் என்றேன்.